கடல் இல்லாத நாட்டில் ஒரு மாலுமி: பாத்திரத்தின் பின்னணியைப் புதிய கதையுலகுக்குக் கொண்டுசெல்லும் முறை

திருகோணமலையின் உப்புவெளி என்ற ஊரில் எங்கள் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமை மாலைகளில் ஆறு பேர் கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுகிறோம். பழைய கதை ஒன்றை முடித்துவிட்டு, நானே கற்பனை செய்த ஒரு புதிய உலகில் அடுத்த கதையைத் தொடங்கலாம் என்று சொன்னபோது எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஆனால் இரண்டு ஆண்டுகளாக ஆடிவந்த பாத்திரங்களை விட்டுவிட எவருக்கும் மனம் வரவில்லை. முதல் நிலையிலிருந்து தொடங்கினாலும் பரவாயில்லை, அதே ஆட்களைத்தான் ஆடுவோம் என்றார்கள். நான் வரைபடத்தை மேசையில் விரித்தேன். நடுவில் ஒரு பெருங்குளம், அதைச் சுற்றி வயல்கள், அதற்கப்பால் காய்ந்த வெளி. மாலுமிப் பாத்திரத்தை ஆடிவந்த தம்பி அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, "அண்ணா, கடலைக் காணல்லையே. நான் இனி என்னத்துக்கு மாலுமி?" என்று கேட்டார்.

இந்த விளையாட்டுக்குப் புதிதாக வருபவர்கள் பலரும் இதே இடத்தில் தடுமாறுகிறார்கள் என்பதால், அவருக்குச் சொன்ன விடையைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் விளையாட்டைப் பற்றிச் சில வரிகள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இரு அமெரிக்கர்கள் வடிவமைத்து 1974இல் வெளியான மேசை விளையாட்டு. டன்ஜன் மாஸ்டர், எங்கள் பேச்சில் டிஎம், என்று அழைக்கப்படும் ஒருவர் உலகத்தையும் அதில் நடப்பவற்றையும் விவரிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அந்தப் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள். முடிவு உறுதியில்லாத செயலுக்கு இருபது பக்கப் பகடையை உருட்டுவார்கள். கதை நடக்கும் உலகத்தைச் செட்டிங் என்பார்கள். எட் கிரீன்வுட் உருவாக்கி 1987இல் விளையாட்டுக்காக வெளியான ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் போன்ற, ஊர்களும் தெய்வங்களும் வரலாறும் முழுமையாக எழுதப்பட்ட உலகங்களைக் கடையில் வாங்கலாம். அவற்றை விட்டு, டிஎம் தாமே ஒன்றை உருவாக்கினால் அது ஹோம்ப்ரூ உலகம். வீட்டில் வடித்தது என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள்.

பின்னணி என்பது சாகசத்துக்குப் புறப்படும் முன் அந்தப் பாத்திரம் என்னவாக இருந்தது என்பதற்கான விடை. 2014இல் வெளியான ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிநூல் பதின்மூன்று பின்னணிகளைத் தருகிறது: கோயிற்பணியாளர், குற்றவாளி, ஊர் போற்றும் வீரர், உயர்குடியினர், அறிஞர், மாலுமி, படைவீரர், தெருவில் வளர்ந்தவர் என்று அந்த வரிசை நீள்கிறது. ஒவ்வொன்றும் இரண்டு திறன்களையும், சில கருவிகளையோ மொழிகளையோ கையாளும் தேர்ச்சியையும், தொடக்க உடைமைகளையும், ஒரு தனிச் சலுகையையும் தருகிறது. மாலுமிக்குக் கிடைக்கும் சலுகை, தனக்கும் தோழர்களுக்கும் கட்டணமின்றிக் கப்பலில் இடம் பெறுவது. கோயிற்பணியாளருக்குத் தம் சமயத்தாரின் கோயில்களில் உறைவிடமும் மருத்துவமும் கிடைக்கும். தெருவில் வளர்ந்தவர் நகரத்தின் சந்துபொந்துகளை அறிந்திருப்பதால் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு இரு மடங்கு வேகத்தில் போய்ச் சேருவார். இவற்றோடு, அந்தப் பாத்திரம் எதை இலட்சியமாகக் கொண்டிருக்கிறது, எதன்மீது பற்று வைத்திருக்கிறது, அதன் குறை என்ன என்பதையும் ஆட்டக்காரர் எழுதிக்கொள்கிறார். பிறகு தம் விருப்பப்படி இரண்டு பக்கக் கதை ஒன்றையும் எழுதிக்கொண்டு வருகிறார்.

இவை அனைத்தும் ஓர் உலகத்தைச் சொல்லாமலே எடுத்துக்கொள்கின்றன என்பதுதான் சிக்கலின் வேர். கப்பலில் இலவச இடம் என்றால் கடலும் துறைமுகமும் வேண்டும். தம் சமயத்தார் என்றால் பல ஊர்களில் கோயில் கொண்ட ஒரு தெய்வம் வேண்டும். பாத்திரத் தாளில் ஒரு வரியாக இருப்பது, உண்மையில் பாத்திரத்துக்கும் அதைச் சுற்றியுள்ள மனிதர்களுக்கும் இடையே உள்ள ஒரு கொடுக்கல் வாங்கல்.

எனக்கு இதைத் தெளிவாக்கியது விதிநூல் அன்று. எங்கள் ஊரின் கோணேசர் கல்வெட்டு. பெயரில் கல்வெட்டு என்று இருந்தாலும் அது ஏட்டில் எழுதப்பட்ட நூல். கோணேசர் கோயிலுக்குத் திருப்பணி செய்த குளக்கோட்டன் பல இடங்களிலிருந்து குடிகளைக் கொண்டுவந்து இங்கே குடியேற்றினான் என்றும், கோயில் பணிக்குரிய பிரிவினருள் தானத்தார் செய்ய வேண்டியது என்ன, வரிப்பத்தார் செய்ய வேண்டியது என்ன என்று வகுத்தான் என்றும் அது கூறுகிறது. புதிய ஊருக்கு வந்த ஒரு குடிக்கு அங்கே இடம் கிடைப்பது, கோயிலோடும் நிலத்தோடும் மற்றக் குடிகளோடும் அதற்கு என்ன கடமை, என்ன உரிமை என்பது தீர்ந்த பிறகுதான். முன்பு வாழ்ந்த ஊரின் பெயரை மட்டும் சுமந்துகொண்டு வந்தவர் விருந்தாளியாகவே இருப்பார். ஒரு பாத்திரத்தைப் புதிய கதையுலகில் குடியேற்றுவதும் இப்படித்தான். யாருக்கு அது என்ன கடன்பட்டிருக்கிறது, யார் அதற்குக் கடன்பட்டிருக்கிறார்கள் என்ற பிணைப்பைப் பத்திரமாக எடுத்துவந்து, புதிய மண்ணில் அதே பிணைப்பு எங்கே ஊன்றும் என்று தேட வேண்டும். ஊர்ப்பெயரும் தொழிற்பெயரும் மாறிப்போனால் பெரிய இழப்பில்லை.

தம்பிக்கு நான் முதலில் நினைவூட்டியது றொபேட் நொக்ஸின் வாழ்க்கையை. புயலில் பாய்மரத்தை இழந்த ஆங்கிலக் கப்பல் ஒன்று பழுதுபார்ப்பதற்காகக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது; 1660இல் கரையிறங்கியவர்களைக் கண்டி மன்னனின் ஆட்கள் பிடித்து மலைநாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அவர்களுள் ஒருவரான இளைஞர் நொக்ஸ், கடலே கண்ணில் படாத அந்த நாட்டில் ஏறத்தாழ 19 ஆண்டுகள் வாழ்ந்தார். தொப்பி பின்னி விற்றார், நெல்லைக் கடன் கொடுத்து வாங்கினார், ஊர் ஊராகச் சென்று வியாபாரம் செய்தார். 1679இல் தப்பி, மன்னார்ப் பக்கத்தில் அரிப்பு என்ற ஊரிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்து, இங்கிலாந்து திரும்பிய பிறகு மறுபடியும் கப்பலேறித் தலைவரானார். மூதூரில் அவர்கள் பிடிபட்ட இடம் என்று ஓர் இடத்தை இன்றும் காட்டுவார்கள். கடல் இல்லாத இடத்திலும் ஒருவர் மாலுமியாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் உதாரணம் இல்லை.

தம்பி இதை ஏற்றுக்கொண்டார். ஆனால் வேறொரு உலகிலிருந்து வந்து சிக்கிக்கொண்டவனாகத் தம் பாத்திரம் இருப்பதை அவர் விரும்பவில்லை. அந்த வழியும் இருக்கிறது, சில வேளைகளில் அழகாகவே அமையும். ஆனால் அந்நியனாக வருபவனுக்குப் புதிய உலகில் உறவினரோ பகைவரோ பழைய கடனோ இருக்க முடியாது, கதை அவனை எங்கும் பிடித்து நிறுத்தாது. அவனை அந்த மண்ணிலேயே பிறந்தவனாக மாற்றுவது என்று முடிவு செய்தோம்.

இந்த இடத்தில் கைக்கு முதலில் வரும் விடையை எடுத்துவிடக்கூடாது. குளம் இருக்கிறது, குளத்தில் தோணி இருக்கும், மாலுமியைத் தோணிக்காரன் ஆக்கிவிடலாம் என்று எனக்கும் உடனே தோன்றியது. தண்ணீருக்குத் தண்ணீர், படகுக்குப் படகு. ஆனால் அவருடைய கொப்பியை எடுத்து அந்த இரண்டு பக்கக் கதையை மறுபடி படித்தபோது, அதில் தண்ணீர் முக்கியமாக இல்லை என்பது தெரிந்தது. செங்கோடன் என்ற அந்த மாலுமியும் அவன் அண்ணனும் ஒரே கப்பலில் வேலை செய்தார்கள். ஓர் இரவுப் புயலில் பாய்மரம் முறிந்து, அண்ணன் ஒரு கயிற்றின் நுனியில் கடலில் தொங்கிக்கொண்டிருந்தபோது, கப்பல் கவிழாமல் இருக்கச் செங்கோடன் அந்தக் கயிற்றை வெட்டினான். கப்பலில் இருந்த எல்லோரும் உயிர் தப்பினார்கள். அவர்கள் அவனைப் போற்றினார்கள். அவன் அடுத்த துறைமுகத்தில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

தோணிக்காரனுக்கு இது நடக்காது. குளத்துத் தோணி மாலையில் கரைக்கு வந்துவிடும். அதில் போகிறவர்கள் அயலவர்கள், இரவில் அவரவர் வீட்டில் உறங்குகிறவர்கள். செங்கோடனின் கப்பலோ மாதக்கணக்கில் மனிதர்களை ஒன்றாக அடைத்துவைத்த, நகரும் ஒரு சிற்றூர். அதை விட்டு இறங்குவது துரோகமாகத் தோன்றும் அளவுக்கு நெருக்கமானது. ஓர் ஆளுக்காக அது நிற்க முடியாது. ஆகவே நான் தம்பியிடம் கேட்ட கேள்வி இது: காய்ந்த வெளியில், நகர்ந்துகொண்டே இருக்கிற, ஒருவருக்காக நிற்க முடியாத, வெளியே விழுந்தால் சாவு என்கிற கூட்டம் எதுவாக இருக்கும்?

அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "உமணர்" என்றார். பள்ளியில் படித்த சங்கப் பாடல்களில் உப்பு வண்டிகளோடு குடும்பமாக ஊர் ஊராகச் செல்லும் உமணரை அவர் மறந்திருக்கவில்லை. என் வரைபடத்தில் உப்பே இல்லை. அப்போதே பென்சிலை எடுத்து மேற்கு ஓரத்தில் வெண்களம் என்று ஓர் உப்புவெளியை வரைந்தேன். அங்கிருந்து பெருங்குளத்துக்கு வரும் பாதையைப் புள்ளியிட்டேன். பன்னிரண்டு நாள் பயணம், இடையில் இரண்டே கிணறுகள். பகல் வெயிலில் மாடுகள் தாங்காது என்பதால் வண்டித்தொடர் இரவில் விண்மீன்களைப் பார்த்துச் செல்லும். ஒரு கிணற்றிலிருந்து அடுத்த கிணற்றுக்குக் குறித்த நாளில் போய்ச் சேராவிட்டால் மாடுகள் சாகும். ஆகவே பழுதான வண்டிக்காகத் தொடர் நிற்பதில்லை. செங்கோடனின் கப்பல் கிடைத்துவிட்டது.

இனி அந்தக் கயிறு. கயிற்றுக்குப் பதிலாக எதை வைப்பது என்று நான் பல யோசனைகளைச் சொன்னேன், ஒன்றும் பொருந்தவில்லை. விடை அவரிடமிருந்தே வந்தது. உமணர் தம் வண்டியின் அடியில் ஒரு சேம அச்சைக் கட்டிக்கொண்டு போவார்கள் என்பது சங்கப் பாடலில் வரும் செய்தி. மேடும் பள்ளமுமான வழியில் அச்சு முறிந்தால் மாற்றுவதற்கு. முன்னால் சென்ற அண்ணனின் வண்டியும், பின்னால் குழந்தைகளை ஏற்றி வந்த வண்டியும் ஒரே இரவில் அச்சு முறிந்து நின்றன. மிச்சமிருந்தது ஒரே ஒரு சேம அச்சு. அதைச் செங்கோடன் குழந்தைகளின் வண்டிக்குப் பூட்டினான். அண்ணன் தன் வண்டியையும் நோய்ப்பட்ட மாடுகளையும் விட்டு வர மறுத்து வெளியில் தங்கினான். யாரும் திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை. தம்பி இதைச் சொல்லி முடித்தபோது விறாந்தையில் ஒருவரும் பேசவில்லை. பழைய கதையில் அண்ணன் இறந்தது உறுதி. புதியதில் அது உறுதியில்லை. பழைய கதையைவிட இது நல்ல கதை என்றே நான் நினைக்கிறேன்.

பிணைப்பு இப்படி ஊன்றிய பிறகு விதிகளைப் பொருத்துவது எளிது, பத்து நிமிட வேலை. மாலுமிக்குரிய உடல்வலிமைத் திறனும் கவனிப்புத் திறனும் அப்படியே உமணனுக்கும் பொருந்தும். திசை காணும் கருவிகளில் தேர்ச்சி இருக்கட்டும், இரவுப் பயணத்துக்கு விண்மீன் பார்க்கத்தானே வேண்டும். நீர் வாகனத் தேர்ச்சியை நில வாகனத் தேர்ச்சியாக மாற்றினோம். கப்பலில் கயிறு சுற்றும் கட்டையை ஆயுதமாக வைத்திருந்தவன், மாடு கட்டும் முளைத்தடியை வைத்திருப்பான். கப்பலில் இலவச இடம் என்ற சலுகை, எந்த உப்பு வண்டித்தொடரிலும் தோழர்களோடு இலவசமாகச் செல்லலாம் என்று மாறியது. கப்பலில் உதவி செய்ய வேண்டும் என்ற எதிர்பார்ப்பு போல இங்கும் இரவில் காவல் இருக்க வேண்டும். ஐம்பது அடிப் பட்டுக் கயிறு ஒன்றை மட்டும் அவர் மாற்ற விடவில்லை. பட்டு இந்த உலகில் எங்கிருந்து வருகிறது என்பது இன்னும் தீரவில்லை. அது தீரும்போது ஒரு கதை வரும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

விதி மீறல் ஆகிவிடுமோ என்று புதிய டிஎம்கள் அஞ்சத் தேவையில்லை. 2014 விதிநூலே பின்னணியை மாற்றியமைக்க இடம் தருகிறது: விரும்பிய இரண்டு திறன்களை எடுக்கலாம், கருவியும் மொழியும் சேர்த்து இரண்டு எடுக்கலாம், சலுகையை வேறொன்றால் மாற்றலாம். 2024இல் திருத்தி வெளியான விதிநூலில் பின்னணிகள் பதினாறு; அவற்றில் பழைய சலுகைகள் இல்லை, அவற்றின் இடத்தில் உடல், மனப் பண்புகளின் எண்களைக் கூட்டுவதும் தொடக்கச் சிறப்புத்திறன் ஒன்றும் வருகின்றன. அந்தப் பதிப்பில் ஆடுபவர்களுக்கு எண்களை மாற்ற வேண்டிய தேவை இன்னும் குறைவு. பெயரையும் கதையையும் மாற்றினால் போதும். ஆனால் எந்தச் சமூகம் இந்தப் பாத்திரத்துக்குக் கதவு திறக்கும் என்பதை டிஎம் தாமே சிந்தித்து எழுதிவைக்க வேண்டும். நாங்கள் 2014 விதிகளிலேயே தொடர்வதற்கு அந்தச் சலுகைகளும் ஒரு காரணம்.

எல்லாப் பின்னணிகளும் இவ்வளவு நேரம் கேட்பதில்லை. படைவீரருக்கு ஒரு படை, அறிஞருக்கு ஓர் ஏட்டுக்கூடம் என்று எளிதில் பொருந்திவிடும். உயர்குடிப் பாத்திரத்தை ஆடிய நண்பர், உப்புப் பாதை வரைபடத்தில் வந்ததைக் கண்டவுடன், அந்தப் பாதையில் சுங்கம் அறவிடும் குடும்பம் தம்முடையதாக இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டார். செங்கோடனின் கூட்டத்தாரிடம் தலைமுறைகளாகச் சுங்கம் வாங்கிய குடும்பத்துப் பிள்ளை இப்போது அவனோடு ஒரே அடுப்பில் சமைத்து உண்கிறான். இருவருக்கும் இடையே கதை தானாகவே இருக்கிறது. ஆட்டக்காரர் தம் பாத்திரத்தின் ஊர்ப்பெயரை விட்டுக்கொடுக்கும்போது டிஎம்மும் தம் வரைபடத்தில் இடம் விட்டுக்கொடுக்க வேண்டும். என் உலகில் உப்பு வந்தது அப்படித்தான். அதற்கு முன் அந்த மேற்குப் பக்கம் வெறும் பழுப்பு நிறமாக இருந்தது.

காலக்கணக்கு என்பது பலர் கவனிக்காமல் விடும் இன்னொரு சிக்கல். இந்த விளையாட்டில், மனிதரைப் போன்ற கற்பனை இனமான எல்ஃப் இனத்தார் 750 ஆண்டுகள்வரை வாழக்கூடியவர்கள், குள்ளர்கள் 350 ஆண்டுகள் அளவில் வாழக்கூடியவர்கள். என் உலகின் வரலாற்றில் 120 ஆண்டுகளுக்கு முன் பெருங்குளத்தின் ஏழு துருசுகளுள், அதாவது மதகுகளுள், ஆறாம் துருசுக்கு அருகில் குளக்கட்டு உடைந்து, கீழே இருந்த ஊர்கள் அழிந்தன. அது தானாக உடையவில்லை, யாரோ வெட்டினார்கள் என்பதுதான் கதையின் நடுவில் நான் ஒளித்து வைத்திருந்த மறைபொருள். அதைக் கண்டவர் எவரும் உயிரோடு இல்லை என்று எழுதி வைத்திருந்தேன். என் மச்சாள் ஆடும் எல்ஃப் பாத்திரத்துக்கு வயது 140. அதாவது கட்டு உடைந்தபோது அவளுக்கு இருபது. எல்ஃப் கணக்கில் அது சிறுபிராயம்.

இதை நான் கண்டுபிடித்தது முதல் ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்பு. வயதைக் குறைக்கச் சொல்லலாம், உடைப்பைப் பின்னோக்கித் தள்ளலாம், அல்லது அவளைச் சாட்சியாக ஏற்றுக்கொள்ளலாம். முதலாவது அவளுடைய பாத்திரத்தைக் குறுக்குகிறது. இரண்டாவது, அந்த அழிவை நினைவில் வைத்திருந்த கிழவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் ஊரில் இருக்கிறார்கள் என்ற நெருக்கத்தை இழக்கிறது. மூன்றாவதையே தெரிந்தெடுத்தேன். உடைப்பு நடந்த இரவில் அந்தச் சிறுமி குளக்கட்டின்மேல் வரிசையாகப் பந்தங்கள் போவதைக் கண்டாள். பெரியவர்கள் அதை நம்பவில்லை. காலப்போக்கில் அவளும் அதைக் கனவென்று எண்ணத் தொடங்கிவிட்டாள். மறைபொருள் கெடவில்லை, அதை அவிழ்ப்பதற்கான முதல் இழை இப்போது ஓர் ஆட்டக்காரரின் கையிலேயே இருக்கிறது. நீண்ட ஆயுள் கொண்ட பாத்திரம் எதுவானாலும், அதன் பிறந்த ஆண்டை உங்கள் உலகின் ஆண்டு வரிசையில் குறித்துப் பாருங்கள். அவ்வளவுதான் செய்ய வேண்டியது, ஆனால் ஆட்டம் தொடங்கும் முன்பே செய்ய வேண்டும்.

என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் குழுவில் ஓர் அக்கா, பழைய உலகின் தெய்வம் ஒன்றுக்குப் பணிசெய்யும் பாத்திரத்தை ஆடிவந்தார். குணப்படுத்தும் தெய்வம். புதிய உலகில் நான் ஏழு துருசுகளுக்கும் ஏழு காவல் தெய்வங்களை அமைத்திருந்தேன். அவற்றுள் ஒன்று மழைக்கும் நோய்க்கும் உரியது. இரண்டும் ஒத்துப்போகின்றன என்று எண்ணி, அவரிடம் கேட்காமலே அவருடைய தாளில் தெய்வத்தின் பெயரை மாற்றி எழுதிக் கொடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான்கு வாரங்கள் வந்தார், அமைதியாக ஆடினார், யாரையும் குணப்படுத்தும்போது முன்போல் அந்தத் தெய்வத்தின் பெயரைச் சொல்லவே இல்லை. ஐந்தாவது வாரம் நான் கேட்ட பிறகுதான் சொன்னார்: பழைய தெய்வம் எவரிடமும் காணிக்கை கேட்காதது, நான் கொடுத்த தெய்வத்துக்கோ நோய் தீர்ந்தவர் நெல் அளக்க வேண்டும் என்று ஊரில் வழக்கம் இருக்கிறது. அவர் அந்தப் பாத்திரத்தைத் தொடங்கியதே, கைம்மாறு வாங்காத மருத்துவச்சி ஒருத்தியை ஆட வேண்டும் என்பதற்காக. திறன்களையும் மந்திரங்களையும் ஒப்பிட்டுப் பார்த்த நான் அதைக் கேட்டிருக்கவில்லை.

அதன்பின் இருவரும் உட்கார்ந்து திருத்தினோம். அவர் அந்தத் தெய்வத்தின் கோயிலிலிருந்து விலகியவர். அளக்கும் நெல்லை மறுத்ததற்காக வயல்களின் நீர்ப்பங்கீட்டைக் கவனிக்கும் வட்டவிதானையாரோடும் கோயில் பொறுப்பாளரோடும் பகைத்துக்கொண்டவர். கோயில்களில் உறைவிடம் என்ற சலுகை அவருக்கு இனிக் கிடையாது. அதற்குப் பதிலாக அவரால் நோய் தீர்ந்த குடியானவர்களின் வீடுகளில் உறைவிடம் கிடைக்கும். ஊர் போற்றும் வீரருக்கு விதிநூல் தரும் சலுகையும் ஏறத்தாழ இதுவே, ஆகவே அதையே எடுத்துக்கொண்டோம். இப்போது அந்தத் தெய்வத்தின் பெயரை அவர் அடிக்கடி சொல்கிறார், பெரும்பாலும் அதோடு வழக்காடுவதற்காக.

அந்த நான்கு வாரங்கள் எனக்குக் கற்றுத் தந்ததால், இப்போது ஒவ்வொருவரோடும் தனியாக அரை மணி நேரம் பேசாமல் எதையும் மாற்றுவதில்லை. கதை தொடங்கும் முன் எல்லோரும் கூடிப் பேசும் செஷன் சீரோ என்ற வழக்கம் நல்லதுதான். ஆனால் கூட்டத்தில் சொல்லத் தயங்குவதைத் தனியாகச் சொல்வார்கள். உங்கள் பாத்திரத்தில் எதை மாற்றினால் அது உங்களுடையதாக இருக்காது என்று நான் முதலில் கேட்கிறேன். பிறகு, யாரைக் கண்டால் அந்தப் பாத்திரம் ஒளிந்துகொள்ளும், யார் வீட்டுக் கதவை நள்ளிரவில் தட்டும் என்று கேட்கிறேன். இந்த விடைகளிலிருந்தே புதிய உலகின் மூன்று நான்கு மனிதர்கள் பிறந்துவிடுவார்கள்.

தனியாகப் பேசுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. எங்கள் ஊரில் அதைச் சொல்லாமல் விட முடியாது. கற்பனைக் கதைகளில் தீயில் அழிந்த ஊர், காணாமற்போன தந்தை, வெள்ளம் கொண்டுபோன குடும்பம் என்பவை பின்னணிக்கு மிகச் சாதாரணமான சரக்கு. விதிநூலைப் படிக்கும் எவரும் கை நீட்டி எடுத்துக்கொள்வார்கள். போரையும் இடப்பெயர்வையும் 2004 சுனாமியையும் கண்ட திருகோணமலையில், மேசையைச் சுற்றி இருப்பவர்களுள் ஒருவருக்கு அது கதையாக இராது. குளக்கட்டு உடைந்து ஊர்கள் அழிந்தன என்று நான் எழுதியபோதும் முதலில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி, வேண்டாம் என்றால் வேறு வரலாறு எழுதுகிறேன் என்றேன். ஒருவர், உடைப்பு வரலாறாக இருக்கட்டும், ஆனால் தண்ணீர் வரும் காட்சியை மேசையில் விவரிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அன்றிலிருந்து அதை விவரித்ததில்லை. மச்சாளின் எல்ஃப் கண்ட பந்தங்களோடு அந்த இரவு நின்றுவிடுகிறது. பெற்றோரை இழந்த பாத்திரம்தான் வேண்டும் என்று தாமாக விரும்பி ஆடுபவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு அது ஆறுதலாகவும் இருக்கலாம். எது யாருக்கு என்பதை டிஎம் ஊகிக்கக்கூடாது, கேட்டு அறிய வேண்டும்.

எந்த வழியிலும் பொருந்தாத பாத்திரங்களும் உண்டு. பெருநகரத் தெருவில் வளர்ந்து, அந்த நகரத்தின் ஒவ்வொரு கூரையையும் அறிந்த திருட்டுச் சிறுவனை, பெரிய ஊரே இல்லாத உலகில் வைக்க எங்கள் ஆறாவது ஆளோடு இரண்டு வாரம் முயன்றோம். ஏழு துருசுகளின் நிலத்தடி மதகு வழிகளை அறிந்தவன் என்று மாற்றிப் பார்த்தேன்; சலுகை அழகாகப் பொருந்தியது, ஆனால் அவர் விரும்பியது கூட்டத்துக்குள் ஒருவராகக் கரைந்துபோவதை. நூறு பேர் கொண்ட ஊரில் யாரும் கரைய முடியாது. அந்தப் பாத்திரத்தைப் பழைய உலகிலேயே நிம்மதியாக விட்டுவிட்டு, அவர் புதிதாக ஒருத்தியை எழுதிக்கொண்டார். இப்படி முடிவதில் தோல்வி எதுவும் இல்லை. மொழிகளையும் சிறு பொருட்களையும் பற்றி அதிகம் கவலைப்படவும் வேண்டாம். அவற்றைப் போகப்போகத் தீர்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, மாற்றி எழுதும் பின்னணி ஒரு பக்கத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. உற்சாகத்தில் நான் செங்கோடனுக்கு உமணரின் திருமண வழக்கங்கள்வரை எழுதிக் கொடுத்தேன். அவர் அவற்றைப் படித்தார், மேசையில் ஒன்றையும் பயன்படுத்தவில்லை. அவர் தாமாகக் கண்டுபிடித்த அந்த ஒரு மர அச்சு போதுமாக இருந்தது.

புதிய கதையின் முதல் மாலையில், வெண்களத்திலிருந்து புறப்படவிருக்கும் நாற்பது வண்டிகளை விவரித்தேன். அந்திப் பொழுது, மாடுகள் நீர் குடித்து முடித்துவிட்டன, முன்வண்டியில் விளக்கு ஏற்றப்படுகிறது. ஒவ்வொருவரும் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். மச்சாள் வானத்தைப் பார்ப்பதாகச் சொன்னார். சுங்கக் குடும்பத்துப் பிள்ளை மூட்டைகளை எண்ணினான். தம்பி பகடையைத் தொடவில்லை. "நான் எங்கட வண்டிக்கு அடியில குனிஞ்சு கைவிட்டுப் பார்க்கிறன் அண்ணா," என்றார். "சேம அச்சு கட்டி இருக்கா?"